ரேடியோவுக்குத் தனி எர்த் போட்டேன், 94,500 ரூபாய் போனது

அன்று சாயங்காலம் மேஜைக்குப் பின்னாலிருந்து "டிக்… டிக்…" என்று சத்தம் வந்தது. பல்லி என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால், இன்னும் ரேடியோவில் மாட்டாமல் தரையில் கிடந்த இரண்டாவது ஆன்டெனாவின் கேபிள் முனையிலிருந்து வருகிறது. நடு ஊசிக்கும் சுற்றியுள்ள உலோகத்துக்கும் இடையே குட்டிக் குட்டி நீலப் பொறி. இரண்டு நொடிக்கு ஒன்று, அப்புறம் நொடிக்கு ஒன்று. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு கைபேசியில் வீடியோ எடுத்தேன். மொட்டை மாடியில் கட்டியிருக்கும் செம்புக் கம்பியில் மேகத்தின் மின்னேற்றம் சேர்ந்து சேர்ந்து வழிகிறது, நம் தலைக்கு மேலே ஒரு பெரிய மின்புலம் வந்து நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடைக்காது. நான் அதை வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கடலூரில் சில்வர் பீச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக மற்றவர்களோடு பேசுகிற இருவழி ரேடியோ) ஆசை வந்ததற்குக் காரணம் 'தானே' என்ற புயல். 2011 டிசம்பர் 30 அன்று அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது கரண்ட் இல்லை, செல்போன் இல்லை, பக்கத்துத் தெருவில் யார் எப்படி இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. உரிமம் எடுத்து, ரிக் (பேசவும் கேட்கவுமான ரேடியோப் பெட்டி) வாங்கி, ஆன்டெனா கட்டி முடிக்கப் பல வருஷம் ஆனது. புயலுக்காகவே வாங்கிய ரேடியோ கடைசியில் ஒரு சாதாரண செப்டம்பர் மாத மழையில் போனது. தென்மேற்குப் பருவம் முடியப்போகிற சமயத்தில் எங்கள் ஊரில் பகல் முழுக்கப் புழுங்கும், மேற்கே பண்ருட்டிப் பக்கம் கருக்கும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு இடியோடு கடலைப் பார்த்து வந்துவிடும். எல்லாரும் புயலுக்குத்தான் பயப்படுகிறோம். ரேடியோ வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டியது இந்தச் சாயங்கால மழைக்கும், ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்கும்தான்.

சரி, அன்றைக்கு வருகிறேன். வீடியோ எடுத்த பிறகு ரிக்கை அணைத்துவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினேன். அணைத்தேன், அவ்வளவுதான். ஆன்டெனா கேபிளைக் கழற்றவில்லை, பிளக்கைப் பிடுங்கவில்லை. "அரெஸ்டர் இருக்கிறது, தனி எர்த் இருக்கிறது" என்ற தைரியம். (அரெஸ்டர் என்பது கேபிளில் வரும் மின்னலை எர்த்துக்குத் திருப்பிவிடும் சின்னக் கருவி.) டம்ளரைக் கையில் வாங்கினேன். சமையலறை முழுக்க வெள்ளை. சத்தம் அதே நொடியில் வந்தது, காது அடைத்துவிட்டது. அம்மா "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று ஆரம்பித்தது கொஞ்ச நேரம் கழித்துத்தான் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டுத் தென்னையில் இடி விழுந்திருந்தது. (விழுவது மின்னல், இடி அதன் சத்தம் மட்டும்தான் என்று பள்ளியில் படித்ததை யாரும் பேச்சில் கடைப்பிடிப்பதில்லை. நானும் இடி என்றே எழுதுகிறேன்.) மாடிக்கு ஓடினேன். ரேடியோ அறையில் சுட்ட பேக்கலைட் வாசனை. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. அன்று இரவு டார்ச்சோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன், எதையும் தொடத் தைரியம் வரவில்லை.

காலையில் கணக்குப் பார்த்தேன். பழைய விலையில் வாங்கிய ரிக் 58,000. அதைச் சரிசெய்ய முடியுமா என்று சென்னைக்கு அனுப்பி, "போர்டு முழுக்கப் போய்விட்டது" என்று திரும்பி வந்த வகையில் கூரியரும் பார்த்த கூலியுமாக 4,200. பவர் சப்ளை 7,500. ரிக்கோடு யூஎஸ்பி ஒயரில் இணைத்திருந்த லேப்டாப்பின் மதர்போர்டு 14,000. லேப்டாப்பிலிருந்து லேன் ஒயர் போன ரவுட்டர் 1,800. கீழே கேபிள் டிவி ஒயர் மாட்டியிருந்த டிவியின் போர்டு 9,000. ஆக மொத்தம் 94,500 ரூபாய். வீட்டில் நாற்பதாயிரம் என்று பொய் சொன்னேன். அதற்கே மனைவி, "இடியை நீங்களே கம்பி கட்டிக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அது பரவாயில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேறு, என் ஆன்டெனாதான் இடியை இழுத்து அவர்கள் மரத்தில் விட்டது என்று தெருவில் சொல்லிவிட்டார். அந்த மரம் உடனே சாகவில்லை. நாலைந்து வாரத்தில் ஓலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி, குருத்து அழுகி, கொண்டையே கழன்று விழுந்தது. அதைத் தினமும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது பணம் போனதைவிட வலித்தது. மரம் வெட்டுகிற கூலியை நான் கொடுத்தேன். குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது, ஆனாலும் கொடுத்தேன்.

என்னைக் குழப்பியது இதுதான்: ஆன்டெனாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கம்பி முழுசாக இருக்கிறது, கம்பியும் கேபிளும் சேரும் இடத்தில் இருக்கும் 'பேலன்' (balun) பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே புதுசு மாதிரி இருக்கிறது. இடி ஆன்டெனா வழியாக வரவில்லையென்றால் எந்த வழியாக வந்தது?

நான் செய்து வைத்திருந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன், பலர் வீட்டிலும் இதே கதைதான். ஒயரிங் வேலைக்கு வந்த தம்பி, "ரேடியோவுக்குத் தனி எர்த் போட்டுடலாம்ணே, வீட்டு எர்த்தோட கலந்தா தொந்தரவு" என்றார். கேட்க நன்றாக இருந்தது. வீட்டின் பின்பக்கம் ஆறு அடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், கரி, உப்பு, சிமென்ட் தொட்டி, மூடி எல்லாம் போட்டு 4,500 ரூபாய் ஆனது. மாடி அறையிலிருந்து அந்தக் குழிவரைக்கும் பச்சை ஒயர் 16 மீட்டர். சுவர் ஓரமாக நாலு இடத்தில் மடக்கி, மிச்ச ஒயரைச் சுருட்டி அழகாக டேக் போட்டுக் கட்டி மறைத்திருந்தோம். மேஜைக்குப் பின்னால் கேபிளின் நடுவில் அரெஸ்டர் தொங்கும், அதன் திருகில் இந்த ஒயர். வீட்டு எர்த் குழி முன்பக்கம் கேட்டுக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அப்படி இருப்பதுதான் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் புரிவதற்குள் இன்னும் ஒரு முட்டாள்தனம் பாக்கி இருந்தது. இடி விழுந்த வீடு என்று செய்தி பரவினால் விற்க வருகிறவர்களும் வருவார்கள். ஒருவர் மாடியில் வைக்கிற ஒரு கருவியின் படத்தைக் காட்டி, இது மின்னலை முன்கூட்டியே பிடித்துவிடும், சுற்றிலும் 80 மீட்டருக்குக் கவலையே இல்லை, 45,000 ரூபாய் என்றார். நான் இருந்த மனநிலையில் 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மின்னல் காப்புக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305, மேலே நிற்கிற உலோகக் கம்பியின் உண்மையான அளவை வைத்துத்தான் காப்பு எல்லையைக் கணக்கிட வேண்டும் என்கிறது, கூடுதல் மந்திர வட்டம் எதற்கும் அதில் இடமில்லை என்று பிறகு தெரிந்து வேண்டாம் என்றேன். முன்பணம் திரும்பவில்லை. அந்த 5,000-ஐ நான் மேலே சொன்ன கணக்கில்கூடச் சேர்க்கவில்லை, வெட்கம்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மூத்த ஹாம் இருக்கிறார், தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர். அவரிடம் புலம்பியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரிலேயே வந்துவிட்டார். மாடி ஏறுவார், ஆன்டெனாவைப் பார்ப்பார் என்று நான் காத்திருந்தால் அவர் கேட்டது, "தம்பி, மீட்டர் போர்டு எர்த் எங்கே இருக்கு?" காட்டினேன். "ரேடியோ எர்த்?" பின்னால் கூட்டிப்போனேன். தென்னை நின்ற இடத்திலிருந்து அது பதினைந்து அடி. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், "மரத்தடியில் நிக்கிற மாடு ஏன் செத்துப்போகுது தெரியுமா?" என்று கேட்டார்.

அவர் சொன்னது இது. மரத்தில் இறங்கிய மின்னல் மண்ணில் பரவும்போது மரத்தின் அடியில் மின்னழுத்தம் மிக அதிகமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும். மாட்டின் முன்னங்காலும் பின்னங்காலும் இடைவெளி விட்டு நிற்பதால் இரண்டுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்து, மின்சாரம் ஒரு காலில் ஏறி வயிறு, நெஞ்சு வழியாக மறு காலில் இறங்குகிறது. மாட்டின் மேல் இடி விழவே இல்லை. "உன் ரேடியோதான் அந்த மாடு. பின்னங்கால் கொல்லையில், முன்னங்கால் வாசலில்." தென்னை அருகே இருந்த தனி எர்த்தில் ஏறிய மின்னழுத்தம் பச்சை ஒயர் வழியாக மாடிக்கு வந்து, அரெஸ்டர், ரிக்கின் உலோகப் பெட்டி, பவர் சப்ளை, மூன்று ஊசி பிளக்கின் எர்த் ஊசி என்று போய், வாசலில் இருந்த வீட்டு எர்த்தில் இறங்கியிருக்கிறது. போகிற வழியில் லேப்டாப்பையும் ரவுட்டரையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. தனி எர்த் இல்லாமலே இருந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது. இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது.

ஆக, வீட்டில் எத்தனை எர்த் குழி வேண்டுமானாலும் இருக்கலாம், எல்லாவற்றையும் தடித்த செம்பால் ஒன்றோடொன்று இணைத்தே ஆக வேண்டும். அப்போது மின்னல் வந்தால் வீட்டு எர்த், ரேடியோ எர்த், ஆன்டெனா கம்பம் எல்லாமே சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும். வித்தியாசம் குறைந்தால் நடுவில் இருக்கும் பொருளுக்கு வேலை இல்லை. "தனி எர்த்" என்று யாராவது சொன்னால், "போடுங்கள், ஆனால் மீட்டர் போர்டு எர்த்தோடு எதை வைத்து இணைக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள்.

அடுத்தது அந்த 16 மீட்டர் ஒயர். அது 230 வோல்ட் கரண்டுக்குத்தான் ஒயர், மின்னலுக்கு அது ஒரு காயில். நேராகப் போகும் 1 மீட்டர் ஒயருக்கே ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் சட்டென்று ஏறுவதை எதிர்க்கும் குணம், இருக்கும். மின்னலின் மின்னோட்டம் மைக்ரோ நொடிகளில் பல ஆயிரம் ஆம்பியர் ஏறிவிடுகிறது. மைக்ரோ நொடிக்கு 1,000 ஆம்பியர் என்று அடக்கமாகக் கணக்குப் போட்டாலும் மீட்டருக்கு 1,000 வோல்ட், என் ஒயரில் 16,000 வோல்ட். அதில் சுருட்டி வேறு கட்டி வைத்திருந்தேன். எர்த் ஓமை (எர்த்தின் மின்தடையை) குறைக்க உப்பு கொட்டுவதில் காட்டும் அக்கறையில் பாதியை ஒயரின் நீளத்தைக் குறைப்பதில் காட்டினால் போதும். உருண்டை ஒயரைவிடப் பட்டை நல்லது, வளைவு வந்தே தீருமென்றால் பெரிய வளைவாக இருக்க வேண்டும்.

அதனால் முதலில் ரேடியோவை மாடியிலிருந்து கீழே இறக்கினேன். அம்மாவின் தையல் மெஷின் இருந்த ஜன்னலோரம் கிடைத்தது. அந்தப் பேச்சுவார்த்தை தனிக் கதை. மாடியில் நின்ற கம்பத்தையும் இறக்கி, அதே ஜன்னலுக்கு வெளியே தரையில் கான்கிரீட் போட்டு 30 அடி ஜி.ஐ. பைப்பாக நட்டேன். உயரம் கொஞ்சம் குறைந்ததில் 40 மீட்டர் அலைவரிசையில் (40 மீட்டர் என்பது அலையின் நீளம்) நான் பெரிதாக எதையும் இழக்கவில்லை. ஜன்னலில் ஒரு அலுமினியத் தகடு. இரண்டு ஆன்டெனா கேபிளும் அந்தத் தகட்டில் திருகிய அரெஸ்டர்கள் வழியாகத்தான் உள்ளே வரும். அரெஸ்டர் கேபிள் நடுவில் தொங்கக்கூடாது, அது உட்காரும் தகடுதான் எர்த்தாக இருக்க வேண்டும். தகட்டிலிருந்து செம்புப் பட்டை நேரே கீழே ஒன்றரை மீட்டரில் முதல் ராடுக்கு. செம்பு பூசிய 3 மீட்டர் ராடுகள் மூன்று, ஒன்றுக்கொன்று 6 மீட்டர் தள்ளி. ராடின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும் என்பது கணக்கு, பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் ஒரே மண்ணைத்தான் பங்கு போடும். கம்பத்தின் அடிப்பகுதியும் அதே பட்டையில். அங்கிருந்து வெளிச்சுவர் ஓரமாக 16 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் வாசல் எர்த்துக்கு. மீட்டர் போர்டில் ஒரு சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) காப்புக் கருவி.

எங்கள் மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடலோரம், தண்ணீர் மேலேயே இருக்கும், எர்த் தானாகக் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். இரவல் வாங்கிய எர்த் மெக்கரை (எர்த்தின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்து அளந்தபோது, என் பெருமைக்குரிய ஆறு அடிக் குழி மழை பெய்து இரண்டு நாளிலேயே 46 ஓம் காட்டியது. மேல் மணல் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை, ஓடவிட்டுவிடுகிறது. ராடு பத்து அடி இறங்கி ஈர மணலைத் தொட்ட பிறகு, மூன்றும் வீட்டு எர்த்தும் சேர்ந்து 5 ஓம். மின்னலுக்கு 10 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். 1 ஓம் கொண்டு வருகிறேன் என்று மேலும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அளப்பதை மே மாதம் செய்யுங்கள், ஐப்பசியில் அளந்தால் எல்லாக் குழியும் நல்ல குழிதான். உப்புக்காற்று இன்னொரு எதிரி. பழைய குழியைத் தோண்டியபோது கிளாம்ப் கையிலேயே பொடிந்தது, குழியில் நாங்களே கொட்டிய உப்பும் பைப்பை அரித்திருந்தது. இப்போது உப்பு இல்லை, பென்டனைட் என்ற களிமண் கலவைதான். கிளாம்ப், போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. செம்பும் ஜி.ஐ.யும் நேராகத் தொட்டால் ஜி.ஐ. அரித்துப் போகும், நடுவில் எஃகு வாஷர் வைத்து, இணைப்பை மண்ணுக்கு மேலே கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்பு மட்டும் எர்த்தில் கூடவே கூடாது, மின்னலின் சூட்டில் உருகிவிடும்.

செலவு: ராடு 7,200, பட்டை 9,800, அரெஸ்டர்கள் 6,400, சர்ஜ் கருவி 4,500, தகடும் கிளாம்பும் 2,100, கேபிள் 3,200, கூலி 4,000. மொத்தம் 37,200. மூன்று ஞாயிற்றுக்கிழமை. அதே ஒயரிங் தம்பியைத்தான் கூப்பிட்டேன். மாட்டுக் கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நெல்லிக்குப்பத்துல ஒரு கிளினிக்குக்கு இதே மாதிரி தனியா போட்டிருக்கேனே அண்ணே" என்றார். மறுநாள் போய் இணைத்துவிட்டு வந்தாராம்.

இவ்வளவும் செய்த பிறகு, நேராக ஆன்டெனாவிலேயே விழுந்தால் ரேடியோ பிழைக்குமா? நம்பி உட்காரமாட்டேன். இந்த ஏற்பாடு வீட்டையும் ஆட்களையும் காப்பாற்றும், பக்கத்தில் விழுவதைத் தாங்கும். மற்றபடி கழற்றி வைப்பதுதான். வேலைக்குப் போகும்போதே கழற்றிவிடுகிறேன். ஆன்டெனா கேபிளை வெளிப்பக்கமே தகட்டிலிருந்து எடுத்து, அங்கேயே எர்த்தில் இருக்கும் வெற்று சாக்கெட்டில் மாட்டிவிடுவேன். கழற்றிய முனையை மேஜைக்குக் கீழே போட்டு வைப்பது கழற்றாததற்குச் சமம். கூடவே பவர் பிளக், லேன் ஒயர் இரண்டும். ஒன்றை விட்டால் அதுதான் பாதை. முக்கியமாக, இடி கேட்க ஆரம்பித்த பிறகு கேபிளில் கை வைக்காதீர்கள். 58,000 ரூபாய் ரிக் போனால் போகட்டும். மின்னலைப் பார்த்து 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அந்த நேரத்தில் கேபிள் ஒரு முனை மேகத்திலும் மறு முனை உங்கள் கையிலும் இருக்கும் கம்பி. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுத்துத்தான் மறுபடி மாட்டுகிறேன். கைபேசியில் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி இருக்கிறது, சுற்று வட்டாரத்தில் மின்னல் எங்கே விழுகிறது என்று காட்டும். பண்ருட்டியில் புள்ளி விழுந்தாலே எழுந்துவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டு தென்னங்கன்று வாங்கிக் கொடுத்தேன், பேச ஆரம்பித்துவிட்டார். கேபிள் டிவி ஒயர் மட்டும் இன்னும் மாடிப் பக்கமாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. அதையும் தகட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கேபிள்காரத் தம்பி தீபாவளி முடிந்து வருகிறேன் என்றார், பொங்கலும் போய்விட்டது. அதுவரைக்கும் மேற்கே கருத்தால் அந்த ஒயரை டிவியிலிருந்து பிடுங்குவது அம்மாவின் பொறுப்பு. பிடுங்கிவிட்டு அர்ச்சுனனையும் ஒரு தடவை கூப்பிட்டு வைக்கிறார்.